சோம்பல் முறி, அம்மாடி

அம்மாடி,

நேற்று வீடியோ காலில் நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. உன் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதைத் தொட எட்டுகிற மாதிரி நிற்கிறது. மசாஜ் செய்தால் இரண்டு நாள் தாங்குகிறது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிதான் என்றாய்.

முப்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் குனிந்தவன் நான். எனக்குத் தெரியாதா? மசாஜ் செய்கிற ஒருவர் முழங்கையால் அழுத்தியே தோளைக் கன்றவைத்தார். வலித்தால்தான் இறுக்கம் விடும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதில் தாடையும் சேர்ந்து இறுகியது, அது வேறு.

பிறகு, உடம்பை அசைக்கும் விதம் சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம் போனேன். அவர் என்னைப் படுக்கவைத்து, "தோளைக் காது வரைக்கும் மெதுவா ஏத்துங்க" என்றார். இறக்க வந்தவனை ஏற்றச் சொல்கிறாரே என்று எரிச்சல் எனக்கு. ஏற்றி, கொஞ்சம் நிறுத்தி, எறும்பு ஊர்கிற வேகத்தில் இறக்கச் சொன்னார். பாதி வழியில் தோள் வெடுக் வெடுக்கென்று உதறியது. "அந்த இடம்தான் உங்க பேச்சைக் கேக்கல. அங்க இன்னும் மெதுவா" என்றார். நாலைந்து முறைக்குப் பிறகு தோள் தானாகப் பாயில் படிந்தது. அதுவரை அது படியாமல் இருந்ததே எனக்குத் தெரியாது.

இறுகிய தசையைச் சுருக்கிவைத்திருப்பது மூளை. விடச் சொல்வதை அது மறந்துவிட்டது. இப்படி மெதுவாக அசைந்து இறுக்கம் விடும் 'சோமாட்டிக்ஸ்' முறையை உருவாக்கிய தாமஸ் ஹன்னா என்பவரின் விளக்கம் இது. அதனால்தான் முதலில் நாமாக இறுக்கி, பிறகு நாமாக விடுவது. தூங்கி எழுந்த பூனை முதுகை வளைத்து மெல்ல விடுமே, அதேதான்.

ஆதாரம் கேட்பாய். இதே முறைக்கும் தோளுக்கும் என் கையில் இல்லை; வேறொரு முறைக்கு, முதுகுவலியில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2008இல் பிரிட்டனில் 579 பேரை வைத்து வெளிவந்த ஆய்வு. உடம்பை நடத்தும் விதத்தைக் கற்றுத்தரும் அலெக்ஸாண்டர் முறையில் 24 பாடம் படித்தவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது நாலு வாரத்தில் 3 நாள்தான் வலி. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21 நாள். மசாஜ் கொஞ்ச காலத்துக்கு உதவியது. உன் கதைதான்.

கை மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ இதெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போ.

ஒன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சின்ன வயதில் நீ கையை விரித்து உடம்பை முறுக்கிக் கொட்டாவி விடும்போதெல்லாம், "நாலு பேர் முன்னால என்ன சோம்பல் முறிக்கிறது, நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டியவன் நான். உடனே விறைத்துக்கொள்வாய். அப்போதும் தோள்தான் முதலில் ஏறும்.

நாளைக் காலையில் போனை எடுக்குமுன் வாய் நிறையக் கொட்டாவி விட்டு, நன்றாகச் சோம்பல் முறி. மெதுவாக விடு. அதட்ட நான் பக்கத்தில் இல்லை.

அப்பா