அடகு வைத்த பங்கு

அன்புள்ள கவிதா,

கையிலிருக்கும் பங்குகளை அடகு வைத்து, அந்தப் பணத்தில் இன்னும் பங்கு வாங்கலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாகப் போனில் சொன்னாய். "ரஷ்யாவில் டெரிபாஸ்கா அப்படித்தானே பெரிய ஆளானார்" என்றும் சொன்னாராம். மேட்டூர் அலுமினிய உருக்காலையில் காலம் கழித்தவனுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்குமா கண்ணு?

ஒலெக் டெரிபாஸ்கா மாஸ்கோவில் இயற்பியல் படித்தவர். சோவியத் உடைந்து அரசு ஆலைகள் கைமாறியபோது, சைபீரியாவின் சயனோகோர்ஸ்க் ஆலைப் பங்குகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1994இல், 26 வயதிலேயே அதன் இயக்குநர். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 14,000 யூனிட் கரண்ட் வேண்டும். அங்கே பக்கத்திலேயே யெனிசெய் ஆற்றில் பிரம்மாண்டமான நீர்மின் நிலையம். இடம் பார்த்து உட்கார்ந்தார். அந்த நாட்களில் அலுமினியத்துக்காக அங்கே கொலைகளே நடந்தன என்பதையும் மறக்காதே. 2000இல் இன்னொரு ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சுடன் சேர்ந்து ருசால் என்ற அலுமினிய நிறுவனம் உருவானது.

அடகுக் கதை அதற்கப்புறம்தான். 2007இல் கனடாவின் கார் உதிரிபாக நிறுவனமான மேக்னாவில் சுமார் 154 கோடி டாலருக்குப் பங்கு வாங்கினார். வங்கிக் கடன், அந்தப் பங்குகளே அடகு. 2008 ஏப்ரலில் ருசால் 450 கோடி டாலர் கடன் வாங்கி நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தில் கால் பங்கைப் பிடித்தது. ஃபோர்ப்ஸ் கணக்கில் அந்த வருடம் அவர் சொத்து 2,800 கோடி டாலர்.

சில மாதங்களில் எல்லாம் சரிந்தது. மேக்னா பங்கு இறங்கியதும் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் மார்ஜின், அதாவது அடகின் மதிப்புக் குறைந்ததற்கு ஈடாக இன்னும் பணம், கேட்டார்கள். அக்டோபரில் பங்கை அவர்களிடமே விட்டுவிட்டார். அலுமினிய விலையோ பாதிக்கும் கீழே. விலை இல்லையென்று ஆலையைப் பூட்டவும் முடியாது. கரண்ட் சில மணி நேரம் நின்றாலே அலுமினியம் உருக்கும் தொட்டி, நாங்கள் பாட் என்போம், உறைந்து வீணாகிவிடும். நஷ்டத்திலும் ஓட்டத்தான் வேண்டும். அடுத்த வருடம் ஃபோர்ப்ஸ் போட்ட கணக்கு 350 கோடி.

நோரில்ஸ்க் பங்கு மட்டும் எப்படித் தப்பியது? அந்த 450 கோடியை அடைக்க ரஷ்ய அரசின் வங்கியே பணம் கொடுத்தது. அதற்கும் ஒரு விலை இருந்தது. 2009 ஜூனில் பிகாலியோவோ என்ற சின்ன ஊரில் அவருடையதும் சேர்த்து மூன்று ஆலைகள் நின்றுபோய், சம்பளம் வராத ஜனங்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். புடின் நேரில் வந்து, டிவி கேமரா முன்னால் டெரிபாஸ்காவை அழைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். போட்டுவிட்டு நகர்ந்தவரைப் பார்த்து, பேனாவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்! பள்ளிக்கூடப் பையனைக்கூட யாரும் அப்படி நடத்த மாட்டார்கள்.

பிற்பாடு நோரில்ஸ்க்கிலிருந்து நல்ல டிவிடெண்ட் வந்தது உண்மைதான். மாப்பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்வார். சரி, உங்களுக்கு மார்ஜின் கேட்டு புரோக்கர் போன் செய்தால் எந்த அரசு வங்கி வரும் என்று கேட்டுப் பார். வீட்டுக் கடனுக்கு மாதம் எவ்வளவு போகிறது, எத்தனை பங்கு ஏற்கெனவே அடகில் இருக்கிறது, இரண்டையும் எழுதி அனுப்பு.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்ட வேண்டாம் என்கிறாள் அம்மா. நீ காட்டு.

அன்புடன்,
அப்பா