சந்திச் சிலைகள் குறித்துச் சிலைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சந்திகளிலும் பாடசாலை முற்றங்களிலும் பெரியோர்க்குச் சிலை எழுப்பும் குழுவினருக்கு,

பெருமதிப்புக்குரியீர்,

சிற்பியின் கையில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து அச்சொட்டாக அதுபோலவே வேண்டும் என்பதும், வேலை முடிந்ததும் சீமெந்தின் மேல் பொன்வர்ணம் பூசச் சொல்வதும் நமக்கு வழக்கமாகிவிட்டன. இதுவே நம் மரபு என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயிற் சிற்பிகள் மன்னர்க்கும் அடியார்க்கும் உருவம் வடித்தார்கள். ஆயினும் முகச்சாயலைவிட உருவ இலக்கணத்தையே அவர்கள் பெரிதாகக் கொண்டார்கள். சாயலைப் பிரதிசெய்து பீடத்தில் நிறுத்தும் பழக்கம், 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி போன்றவை வேரூன்றிய காலனித்துவ காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது.

அந்தப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில், பாறையை நெம்பும் நால்வரின் தசைமுறுக்கு அதன் பேறுதான். (அதே ஐரோப்பாவின் பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சோழர் கால நடராசரின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து எழுதியது வேறு கதை.)

நீங்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியவர் வங்கச் சிற்பி ராம்கிங்கர் பைஜ். 1938இல் சாந்திநிகேதனில், நீங்கள் வாங்கும் அதே சீமெந்தோடு அவ்வூர்ச் செம்பூரான்கற் பரலைக் கலந்து, சந்தால் பழங்குடிக் குடும்பமொன்றை ஆளுயரத்திலும் பெரிதாக எழுப்பினார். காவுதடிக் கூடையில் குழந்தை, அருகே மனைவி, கூடவே நாய், எல்லோரும் நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பை மறைக்க அவர் வர்ணம் தேடவில்லை. ஐரோப்பிய நவீனத்தை அறிந்த கைதான், வங்கத்துச் செம்மண்ணை விட்டுவிடவில்லை.

சென்னையில் சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்தார். மூலவருக்குச் சாத்தும் கவசமே அவருக்கு வழிகாட்டியது. வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகை அம்மனின் முகக்களை எனும் உலோக முகத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு அது புரியாத கலையா? கல்லடியிலும் பாண்டிருப்பிலும் உப்புக்காற்று சீமெந்துக்குள் இருக்கும் கம்பியைத் துருவாக்கி விரலையும் மூக்கையும் உதிர்க்கும்போது, செம்பு பச்சை பூத்தேனும் நிற்கும் என்பதையும் கணக்கிலெடுங்கள்.

ஆகவே, அடுத்த சிலைக்குப் படத்தோடு அவர் வாழ்ந்த விதத்தையும் சிற்பிக்குச் சொல்லுங்கள். களிமண்ணில் மூன்று சிறு மாதிரிகள் செய்யக் கூலியும் அவகாசமும் கொடுத்து, அவற்றை ஒரு வாரம் வாசிகசாலையில் வையுங்கள். பெயின்ற் வாளியை அதுவரை திறக்க வேண்டாம்.

இங்ஙனம்,
சித்திரப் பாட ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.