சில்க் போர்டில் ஏறும் முள்

அன்புள்ள மலருக்கு,

நேற்று போனை வைத்ததும் உன் அம்மா, "பத்து நிமிஷம் கத்தினீங்களே, அவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். அதனால்தான் உன் கார் சூடேறுவதைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது, கண்ணு. பெங்களூரில் சில்க் போர்டு சிக்னலில் ஊர்ந்து போகும்போது, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. பொம்மனஹள்ளி தாண்டி மேம்பாலத்தில் அறுபதைத் தொட்டதும் தானாக இறங்கிவிடுகிறது. போன மாதம் நீ சேலம் வந்தபோது வழி முழுக்க ஒன்றுமில்லை. மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் தனக்குத் தோன்றியதைக் கழற்றுவார். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்ஜின் சூட்டை வாங்கிவரும் கூலன்ட் திரவம், வண்டியின் முன்னால் இருக்கும் ரேடியேட்டரில்தான் ஆறும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதற்குள் புகுந்து சூட்டை எடுத்துப் போய்விடும். நிற்கும்போது அந்தக் காற்று ஏது? ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் போயிருந்தாலோ, அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகியிருந்தாலோ ஹைவேயிலும் விட்டுவைக்காது. ஆகவே முதல் சந்தேகம் ஃபேன். அடுத்தது ரேடியேட்டரின் முகத்தை அடைத்திருக்கும் தூசி.

உன் மெக்கானிக் பம்பை மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு "இனிமே ஹீட்டே ஆகாது மேடம்" என்றாராமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் காலத்திலிருந்தே இருக்கிற வியாதி இது. அது ஒரு கதவு, அவ்வளவுதான். கூலன்ட் 80, 90 டிகிரிக்குப் பக்கம் வந்த பிறகு திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். அதைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் சூடு பிடிக்கவே நேரமாகும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். சிக்னலில் நின்றால் பழைய கதைதான். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் ஃபேன் ஓடிவிடுமா? புதிதாக ஒன்று வாங்கி மாட்டச் சொல்.

"ஃபேன் ஓடுதுப்பா, நானே பார்த்தேன்" என்றாய். எப்போது பார்த்தாய்? காலையில், ஏசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு நிமிடம். ஏசி போட்டால் ஃபேனுக்குத் தனி உத்தரவு போகும். அதில் ஓடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆபீஸிலிருந்து வந்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது பார். துப்பட்டாவைக் கழற்றி வை, தலைமுடியை முடிந்துகொள். ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திரு. முள் நடுவைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாகக் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் முள் மேலே போனால் ஏசியைப் போடு. உன் வண்டியில் ஒரே ஃபேன்தான். ஏசிக்கு ஓடினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சாரையோ அதற்கான வயரிங்கையோ ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயையோ பார்க்க வேண்டும்.

ஏசிக்கும் ஓடவில்லையா? முதலில் ஃபியூஸைப் பார். அது நன்றாக இருந்தால் ஒரு மரக்கரண்டியின் காம்பால், இறக்கையில் படாமல், மோட்டாரின் முதுகில் மெல்லத் தட்டு. தட்டியதும் விர்ரென்று எழுந்தால் உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் ஓடும், சூடேறினால் படுத்துக்கொள்ளும். எனக்கு இதுதான் சந்தேகம். எதுவானாலும் முள் சிவப்பு பக்கம் போனால் உடனே இன்ஜினை அணைத்துவிடு. கையை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதே. பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். தட்டி எழுந்துவிட்டதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம், மோட்டாரை மாற்றிவிடு.

ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார். தூசியும் பூச்சியும் சேர்ந்து மெத்தைப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸ் பைப்பால் உள்ளிருந்து வெளியே கழுவச் சொல். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்பைக் கிட்டே கொண்டுபோனால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதே, உன் கெட்டிலில் படிகிற உப்பு அங்கேயும் படியும். ஊற்ற ஊற்றக் குறைந்துகொண்டே போய், வெளியே ஒழுகலும் தெரியாமல், கூலன்ட் டப்பாவில் குமிழி வந்தால், இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது வண்டியை எடுக்காமல் எனக்குப் போன் செய்.

என் வலது முன்கைத் தழும்பு நினைவிருக்கிறதா? பூனை பிராண்டியது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். பூனையெல்லாம் இல்லை. ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் டாக்ஸியில் ஆவி வந்துவிட்டது. அந்த வண்டியில் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும். இன்ஜின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். பின்சீட்டுக்காரர்கள் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அரிக்க, ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி அழுத்திப் பிடித்திருக்கும் வரை நூறு டிகிரிக்கு மேலேயும் தண்ணீர் கொதிக்காமல் கிடக்கும். திறந்த நொடியில் அத்தனையும் பொங்கி எழுந்தது. துணி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். முகத்தில் படாதது உன் அம்மா கழுத்துத் தாலியின் பாக்கியம் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ஜின் நன்றாக ஆறி, மேல் ஹோஸைத் தொட்டால் சுடாமல் இருக்கும் வரை மூடியில் கை வைக்கக் கூடாது.

நடுரோட்டில் முள் ஏறினால் ஏசியை அணை, ஹீட்டரை முழுச் சூட்டில் வை, ஜன்னலை இறக்கு. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வியர்த்துக் கொட்டும், கொட்டட்டும். அதற்கும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்திவிடு. பின்னால் ஹாரன் அடிப்பவன் உனக்கு இன்ஜின் வாங்கித் தரப்போவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தட்டிப் பார்க்கும்போது எனக்குப் போன் போட்டு, போனை பானெட் பக்கம் பிடி. சத்தம் கேட்டால் போதும், சொல்லிவிடுவேன். மரக்கரண்டி இல்லையென்று பூரிக்கட்டையைத் தூக்காதே, அது தன் சீர் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா