கொம்பு முன்னால் வரும்

மேலூர் வட்டம்,
நவம்பர் 27

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் அனைவரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்குப் பார்வை தெளியவும் குடும்ப ஜெபத்தில் தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. நடவு, களையெடுப்பு, இடையில் என் மாமியார் அத்தைக்கு வந்த காய்ச்சல் என்று நாட்கள் ஓடிவிட்டன. ஆனாலும் பதில் தாமதமானதற்கு உண்மையான காரணம், நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை என்பதுதான்.

அரசுப் பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற நீ, "பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதால் உன் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்று எப்போதாவது உட்கார்ந்து யோசித்தாயா?" என்று கேட்டிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நாம் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் படுத்து எழுந்தவர்கள் என்பதால், நீ அக்கறையோடுதான் கேட்கிறாய் என்று தெரியும். யோசித்ததை உள்ளபடியே எழுதுகிறேன்.

தொடக்கம் உனக்குத் தெரியும். எட்டு வருடங்களுக்கு முன்பு மாமனார் இறந்தபின் மதுரையை விட்டு இந்த நிலத்துக்கு வந்தபோது, பெரியவன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். இங்கிருந்து ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் போகவர தினமும் மூன்று மணி நேரம் ஆயிற்று. மாலையில் வந்து, சாப்பிடும் தட்டின் முன்னாலேயே உறங்கிவிடுவான். ஒருமுறை கடைசி நிறுத்தத்தில் அவன் இறங்காததைக் கவனிக்காமல் வேனைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் அந்தக் கால் மணி நேரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஒரு வருடம் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வோம் என்றுதான் ஆரம்பித்தோம். அந்த ஒரு வருடம் எப்படி எட்டானது என்றால், பிள்ளைகளும் நாங்களும் ஒரே வேலையில், ஒரே மேசையில், ஒரே ஜெபத்தில் இருக்கும் வாழ்க்கை எங்களுக்குப் பழகிவிட்டது. அதை விட மனமில்லாமல் போயிற்று.

எங்கள் நாள் பூவோடு ஆரம்பிக்கிறது. பங்குனி முதல் ஆவணி வரை மல்லிகைக் காலத்தில் காலை நாலரை மணிக்கே தலையில் டார்ச் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவோம். மொட்டு நன்றாக வெளுத்து, அதே நேரம் விரியாமல் இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் போயிற்று. ஆறு மணிக்குள் பூப்பை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கிளம்பிவிடும். பிறகுதான் மாட்டுக்குத் தண்ணீர், காலை ஜெபம், இட்லி. எட்டரைக்குப் பாடம் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். மூன்று மணி நேரம் போதுமா என்று முன்பு கேட்டாய். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை என்றால் போதும், அதற்குமேல் அவர்களுக்கும் எனக்கும் மண்டையில் ஏறாது.

பாடம் அந்த மேசையோடு முடிவதில்லை என்பதை மட்டும் ஒரு உதாரணத்தால் சொல்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைக் கன்று வாங்கி வந்து இருபது சென்ட்டில் நட்டபோது, எத்தனை கன்று தேவை என்று பெரியவனைக் கணக்குப் போடச் சொன்னார் என் கணவர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, கன்றுக்குக் கன்று நாலடி, ஆகவே ஒரு கன்றுக்குப் பதினாறு சதுர அடி. 544 என்று எழுதிக்கொடுத்தான். நட்டு முடித்து எண்ணினால் 497 இருந்தது. கணக்குத் தப்பா, நிலம் தப்பா என்று இரண்டு நாள் குழம்பினான். பிறகு தானே கயிறு பிடித்து, பாத்தி நடுவில் போகும் வாய்க்காலும், நடைபாதையும், வரப்போரம் விட்ட இடமும் எவ்வளவு விழுங்கின என்று அளந்து கண்டுபிடித்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், மதுரையின் பெயரைத் தாங்கிய பூவின் கன்று இராமேசுவரம் தீவிலிருந்து வருவதையும் அந்த வாரமே வரைபடத்தில் பார்த்தோம்.

பூ ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்துப் பூக்காமல் இருப்பதில்லை. இது எங்கள் வீட்டில் பெரிய மனப்போராட்டமாகவே இருந்தது. ஓய்வுநாளில் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருந்தார். பறிக்காமல் விட்டால் மறுநாள் அத்தனையும் விரிந்து வீணாகும் என்று என் கணவர் வருத்தப்பட்டார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னார்: வாரம் முழுவதும் கூலிக்குப் பறிக்க வரும் இரண்டு அக்காக்களும் ஞாயிற்றுக்கிழமைப் பூவைத் தங்களுக்கென்று பறித்துக்கொள்ளட்டும், அந்தப் பணத்தில் நமக்குப் பங்கு வேண்டாம். நாலு வருடமாக அப்படியே நடக்கிறது. நாங்கள் ஆராதனைக்குப் போகிறோம். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு ஞாயிறு மழையில் அவர்களால் வர முடியாமல் பூ வீணானபோது, நம் பூ போயிற்றே என்று சின்னவன் சொல்லவில்லை, "அக்காக்கள் பூ போயிற்றே" என்றான். ஆறு வயதுதான் அவனுக்கு.

ஊரோடு ஒட்டாமல் வளர்ந்துவிடுவார்களோ, கிறிஸ்தவப் பிள்ளைகளாக மட்டும் தனித்து நின்றுவிடுவார்களோ என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதை ஓரளவுக்குத் தீர்த்து வைத்தது தண்ணீர்தான். பெரியாறு பிரதான கால்வாயில் கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒருபோகப் பாசனக்காரர்கள், அதாவது வருடத்துக்கு ஒரு போகத்துக்கு மட்டும் தண்ணீர் பெறுகிறவர்கள். அப்படித் தண்ணீர் பெறும் 85,563 ஏக்கரில் எங்கள் ஒன்றரை ஏக்கரும் அடக்கம். செப்டம்பரில் வைகை அணையைத் திறந்தால் 120 நாளுக்குத் தண்ணீர். அதில் முதல் 45 நாள் தொடர்ந்து வரும், மிச்ச நாள் முறை வைத்து வரும். கடைமடையில் இருப்பவனுக்கு முறை பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வாய்க்கிறது. இந்த வருடம் பெரியவன் தன் அப்பாவோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு மடைக்குப் போகிறான். மேல்மடைக்காரர் அடைத்த பிறகுதான் நாம் திறக்க வேண்டும், நம் வயல் நிறைந்ததும் சொல்லிவிட்டுக் கீழ்மடைக்கு விட வேண்டும். அங்கே எந்தக் கோயில், எந்தச் சபை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. விடியும்வரை வரப்பில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, கேரளத்துப் பக்கம் ஓடிய பெரியாற்றை 1895இல் மலையைக் குடைந்து பென்னிகுயிக் இந்தப் பக்கம் திருப்பிவிட்ட கதையோடு வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு முல்லைப்பெரியாறு, வைகை அணை, பேரணை, கள்ளந்திரி என்று எங்கள் மடைவரை ஒரு நீளமான படம் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அந்த வரைபடத்தில் எங்கள் வயலுக்குப் பக்கத்தில் நாலு வீட்டார் வயல்களையும் பெயர் போட்டுக் குறித்திருக்கிறான். மாலையில் கம்மாய்க்கரையில் கபடி ஆடும் கூட்டத்தில் மூன்று பேருமே உண்டு.

இப்போது நான் எழுதத் தயங்கியதற்கு வருகிறேன். நடுவள் ஒன்பது வயது முடியும்வரை வாசிக்கவில்லை. இதை உன்னிடம்கூட மறைத்தேன். பூவை எடை போட்டுப் பணம் எண்ணுவாள், எந்த ஆடு எப்போது ஈனும் என்று சொல்வாள், வாய்ப்பாடு பதினாறுவரை தெரியும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். கா, கி, கு எல்லாம் தடையில்லை. கெ, கே, கை, கொ என்று வந்தால் நின்றுவிடுவாள். ஒலிக்கும்போது பின்னால் வருகிற உயிர், எழுதும்போது எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறதல்லவா, அது அவளுக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கொம்பை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுவாள். நான் ஒரு ஆசிரியை. மற்றவர் பிள்ளைகளுக்கு எவ்வளவோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள், என் மகளிடம் குரலை உயர்த்தினேன். ஒரு நாள் அவள் புத்தகத்தை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்ததைப் பார்த்தபோது, அன்றோடு ஆறு மாதத்துக்கு வாசிப்புப் பாடத்தை நிறுத்தினேன்.

அத்தைக்குக் கண் மங்கிய பிறகு இரவு ஜெபத்தில் சங்கீதம் வாசிப்பது நின்றுபோயிருந்தது. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்வார். இருபத்துமூன்றாம் சங்கீதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலைகீழாகத் தெரியும். அத்தை தன் பெரிய எழுத்து வேதாகமத்தை நடுவளின் மடியில் வைத்து, "நான் சொல்கிறேன், நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று நீ விரலை நகர்த்திக்கொண்டே வா" என்றார். வாசிக்கச் சொல்லவே இல்லை. நாலைந்து இரவுகள் போயின. ஒரு நாள் 'மேய்ப்பர்' என்ற சொல்லில் அவள் விரல் நின்றது. பகலெல்லாம் ஆடு மேய்ப்பவள் அல்லவா, அந்தச் சொல் அவளுக்குச் சொந்தம். "அப்பத்தா, ஆட்டுக்குக் கொம்பு முன்னால் இருப்பதுபோல, இந்த 'மே'க்கும் கொம்பு முன்னால் இருக்கிறது" என்றாள். 'அதற்குப் பெயரே கொம்புதான்' என்று எத்தனை முறை நான் சொல்லியிருக்கிறேன்! அது வெறும் பெயராகவே அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் கரியை எடுத்து, கொட்டகைச் சுவரில் 'கொம்பு' என்று எழுதி, கொம்பு என்ற சொல்லுக்கும் கொம்பு இருக்கிறது என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். இப்போது அவளுக்குப் பத்து வயது. இரவு சங்கீதம் அவள்தான் வாசிக்கிறாள், மெதுவாக, விரல் வைத்து.

உன் கேள்விக்கு என் பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளியில் இருந்திருந்தால் என் மகளுக்கு மந்தமானவள் என்ற பெயர் விழுந்திருக்கலாம். வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க முடிந்தது. ஆனால் உன்னைப் போன்ற ஒருத்தி ஒன்றாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்திருந்தால், எங்கே தடுமாறுகிறாள் என்பதை இரண்டு வருடம் முன்னதாகவே கண்டுபிடித்திருப்பாள். தாயாக இருப்பதால் எனக்குக் கண் மறைத்துவிட்டது. இந்த இழப்பு உண்மையானது. அதை நான் மறுக்க மாட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. தெளிவில்லாத இடத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தே நிற்கிறோம். அதனால்தான் தேர்வு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பெரியவனைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறோம். ஐந்து பாடங்கள், பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு, ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. ஏப்ரல், மே தேர்வு மல்லிகை கொட்டும் காலத்தோடு மோதுகிறது. கணிதத்தையும் அறிவியலையும் அப்போது எழுதிவிட்டு, மற்றதை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். நடுவளுக்குப் பன்னிரண்டரை வயது முடிந்ததும் நம் மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதவைக்க எண்ணம். பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருப்பதால் அந்தச் செலவு இல்லை.

எனக்குக் கைகொடுக்காத இடம் செய்முறைதான். குவிலென்சின் குவியத்தூரத்தை நம் வீட்டுச் சுவரில் சன்னல் வெளிச்சத்தை விழவைத்துக் கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் அமிலமும் சோதனைக் குழாயும் மின்சுற்றும் என்னால் ஆகாது. அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் அவனை உன்னிடம் அனுப்பினால், உன் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஆய்வகத்தில் அவனுக்குக் காட்டித்தர முடியுமா? முடியாவிட்டால் தயங்காமல் எழுது, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

கோ 51 ரக நெல் நட்டிருக்கிறோம். மழை கெடுக்காவிட்டால் ஜனவரி முதல் வாரம் அறுப்பு. முதல் நெல்லைச் சபையில் படைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பொங்கல். இந்த வாரம் மல்லிகைக்குக் கிளை வெட்டும் கவாத்து நடக்கிறது, பறிப்பு இல்லாததால் அதிகாலை உறக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. மாட்டுத்தாவணியில் மேலூர் பேருந்து ஏறுமுன் ஒரு போன் செய். நிறுத்தத்துக்கு அவர் வண்டியோடு வந்துவிடுவார். நடுவள் நீ வரும்போது வாசித்துக்காட்ட ஒரு சங்கீதம் தயார் செய்துகொண்டிருக்கிறாள், எது என்று என்னிடமே சொல்லமாட்டேன் என்கிறாள்.

உன் அன்புத் தோழி