ஏற்காட்டு நண்பனுக்கு: செண்டுமல்லியின் பூவும் வேரும்

ஓமலூர்,
பங்குனி 20.

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதத்தின் முதல் பக்கத்தில் கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றியும், மூன்றாம் பக்கத்தில் செண்டுமல்லி நடலாமா என்பதைப் பற்றியும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் உள்ள உறவு தெரிந்து நீ எழுதியதாகத் தோன்றவில்லை. மாத்திரை அட்டையில் லூட்டீன் என்று அச்சிட்டிருப்பதாகச் சொல்கிறாயே, அந்த மஞ்சள் நிறமியைப் பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்துதான் எடுக்கிறார்கள். பூவைக் குவித்துப் புளிக்கவைத்து, பிழிந்து, உலர்த்தி, அதன் பிறகு கரைப்பானைக் கொண்டு சாற்றைப் பிரிப்பார்கள். சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்தில் இந்த ஆலைகளுக்கென்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். அதே சாற்றைக் கோழித் தீவனத்திலும் கலப்பதுண்டு. இந்த வகை நிறமியைக் கோழி தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளாது. தின்பதில் இருந்தால்தான் மஞ்சள் கரு மஞ்சளாக இருக்கும், இல்லாவிட்டால் வெளுத்துப்போகும். ஆகவே உன் வீட்டு வாசலுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட ஒரு செடியை வாசலில் நடலாமா என்றுதான் நீ என்னிடம் கேட்டிருக்கிறாய்.

தங்கச்சியின் மறுப்பையும் எழுதியிருந்தாய். "சாமிக்கு ஆகாத பூ, பிணத்துக்குப் போடுகிற பூ, அதை வீட்டு முன்னால் எதற்கு நட வேண்டும்?" என்று கேட்கிறார். என் அம்மாவும் இதையேதான் சொல்வார்கள். சில கோயில்களில் இந்த மாலையை வாங்கிக் கம்பியில் மாட்டுவார்களே தவிர, மூலவருக்குச் சாத்த மாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குப் பூவின் குணம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அது பிந்தி வந்த விருந்தாளி என்பதுதான் காரணம். இதன் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். 1492-இல் கொலம்பஸ் அந்தக் கண்டத்தை எட்டுவதற்கு முன்னால் இந்தச் செடி நம் மண்ணைப் பார்த்திருக்க வழியே இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அவற்றில் இது இல்லை, இருக்கவும் முடியாது. பாடப்புத்தகங்கள் இதைத் துலுக்கச் சாமந்தி என்கின்றன. வெளியிலிருந்து வந்தது என்பதை அந்த அடைமொழியே சொல்லிவிடுகிறது. தென் மாவட்டங்களில் கேந்தி என்பார்கள். நமக்கு இது செண்டுமல்லி. செண்டு என்றால் பந்து, அது பொருத்தம்தான். மல்லி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்காதே, மல்லிகைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பிணத்துக்குப் போடும் பூ என்பதைப் பொறுத்தவரை, அதன் சொந்த ஊரிலும் அதே வேலைதான் அதற்கு. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். கல்லறையிலிருந்து வீட்டுப் படையல் வரையில் இந்த இதழ்களைப் பாதையாகத் தூவினால், நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு அவர்கள் வழி தவறாமல் வந்துவிடுவார்கள் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் ஊரில் பாடைக்கு முன்னால் நடந்துகொண்டே இதே பூவைப் பிய்த்து வீசுகிறோம். இங்கே வழியனுப்பும் பாதை, அங்கே அழைத்து வரும் பாதை. இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டு. கோபம் தணியாவிட்டாலும் கொஞ்சம் யோசிப்பார். அதோடு ஒன்று கேட்டுப் பார். ஆயுத பூஜை அன்று சங்ககிரி லாரிகளின் முகப்பிலும், நம் ஊர் விசைத்தறிகளிலும், சேகோ ஆலை இயந்திரங்களிலும் தொங்குவது எந்தப் பூ? உழைக்கும் கருவிக்கு ஆகிற பூ வீட்டு வாசலுக்கு மட்டும் ஏன் ஆகாது?

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அடியை உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை.

கிணற்றை ஒட்டிய இருபது சென்ட் நிலத்தில் நான்கு ஆண்டுகளாகத் தக்காளி சரியாக வரவில்லை என்பது உனக்குத் தெரியும். போன ஆண்டு, அதை விட்டுவிட்டு ஆயுத பூஜைக்குச் செண்டுமல்லி போட்டால் நாலு காசு பார்க்கலாம் என்று தோன்றியது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சிறுவயதிலிருந்து கேட்ட காதல்லவா, ஆடிப்பெருக்கு அன்று, அதாவது ஆகஸ்ட் 3-ஆம் தேதி, நல்ல நேரம் பார்த்து மேட்டுப்பாத்தியில் விதைத்தேன். நாற்று எடுத்து நட நான்கு வாரம் ஆயிற்று. நட்டதிலிருந்து பறிப்புக்கு வர ஏறக்குறைய அறுபது நாள் ஆகும். இந்தக் கூட்டலைப் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும். முப்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்த நான் போடவில்லை. ஆயுத பூஜை சந்திரனை வைத்து வருவது. 2023-இல் அக்டோபர் 23, 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1. பழமொழி மானாவாரிப் பயிருக்குச் சொன்னது. பூவுக்குப் பஞ்சாங்கத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அக்டோபர் முதல் தேதி ஊரே மாலை வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் முழங்கால் உயரச் செடிகளின் நுனியைக் கிள்ளி முடித்துப் பக்கக் கிளை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூ வந்தது அக்டோபர் கடைசியில். வந்த அழகைச் சொல்லி மாளாது. விடியற்காலையில் போய் நின்றால் வயலே அடுப்புத் தணல் மாதிரி இருக்கும். ஆனால் அதே வாரம் வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது. நனைந்த பூவைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போனேன். மண்டிக்காரர் ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து எலுமிச்சம்பழம் பிழிவது போல் அழுத்தினார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. ஒன்றும் பேசாமல் என் சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார். பண்டிகை முடிந்த சந்தையில் ஈரப்பூவை யார் வாங்குவார்கள்? எடை கூடுதலாக நிற்கும், மறுநாளே இதழ் கறுத்து அழுகும். அன்று பேருந்துக் கட்டணம்கூடக் கைக்கு வரவில்லை. அதன் பிறகு இரண்டு நடை போய்ப் பார்த்துவிட்டு, பறிக்கும் ஆட்களுக்குக் கொடுக்கும் கூலி பூவின் விலையைத் தாண்டியதும் பறிப்பதையே நிறுத்தினேன். நவம்பர் முடிய அப்படியே விட்டு, டிசம்பரில் பூவும் செடியுமாக மடக்கி உழுதேன். அன்று எனக்கு இருந்த மனநிலையை நீ ஊகித்துக்கொள்வாய்.

தை மாதம் அதே இருபது சென்ட்டில் தக்காளி நாற்று நட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. போன வாரம் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கிணற்று வாய்க்காலில் அலசிப் பார்த்தேன். முந்தைய ஆண்டுகளில் அந்த வேர், நூலில் பாசிமணி கோத்தது போல் முடிச்சு முடிச்சாக இருக்கும். நூற்புழு உள்ளே புகுந்து வேரை வீங்கவைத்த அடையாளம் அது; செடி தண்ணீர் இழுக்க முடியாமல் வெயிலில் துவண்டு நிற்கும். இந்த முறை வேர் வழுவழுவென்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிச்சுகளோடு இருந்தது. நம்பிக்கை வராமல் வேறு மூன்று இடத்தில் பிடுங்கிப் பார்த்தேன், அப்படியேதான்.

இதற்குக் காரணம் புதிராக ஒன்றும் இல்லை. செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற ஒரு பொருள் உண்டு. அது நூற்புழுவுக்கு நஞ்சு. ஆனால் இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள், உனக்கு யோசனை சொன்னவரும் அப்படியே. தக்காளிக்கு நடுவே நாலு செடி நட்டுவிட்டால் புழு ஓடிவிடும் என்பது சரியல்ல. அந்தப் பொருள் உயிரோடு இருக்கும் வேரில்தான் நன்றாக வேலை செய்கிறது. அதுவும் நிலம் முழுக்க நெருக்கமாக, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் செண்டுமல்லி மட்டுமே நின்றால்தான் பலன் தெரியும். களையை விட்டுவிட்டால் புழு களையின் வேரில் குடியிருந்துகொள்ளும். என் தோல்விப் பயிர் மூன்று மாதம் வயலை அடைத்துக்கொண்டு நின்றது, அதுவே எனக்கு வாய்த்தது. விற்கத் தெரியாத பூவை வைத்துக்கொண்டு நான் மண்ணுக்கு மருத்துவம் பார்த்திருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

தக்காளியோடு சேர்த்து நடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ளாதே. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளிப் பூவைவிடச் செண்டுமல்லி மொட்டின் மேல் ஆசை அதிகம். முட்டையை அதன் மேல் இடும். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி என்பது கணக்கு. தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் என்றால் செண்டுமல்லி நாற்று நாற்பது நாள் வயதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். புழு விழுந்த பூவைப் பறித்து அழிக்காமல் விட்டால், நீயே பூச்சிக்குப் பந்தி போட்டதாகிவிடும்.

உன் இடத்துக்கு நான் சொல்வது இதுதான். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகளுக்கு இடையே நடாதே. வெயில் இல்லாவிட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து சாயும், பூக்காது. வீட்டுக்குக் கீழே காய்கறி போடும் அந்தத் திறந்த சரிவில், பாதியை மட்டும் இந்த ஆண்டு செண்டுமல்லிக்குக் கொடு. மற்றப் பாதியில் வழக்கம் போல் தக்காளி நடு. அடுத்த ஆண்டு மாற்றிக்கொள். ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம் என்பது பொதுவான அளவு, உன் பங்குக்கு ஒரு வண்டி போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி இடைவெளி விட்டு, தண்ணீர் நிற்காமல் பார் பிடித்து நடு. முப்பதாம் நாள் நுனியைக் கிள்ளு. தங்கச்சி கையால் கிள்ளவிட்டால் பகை தீர்ந்துவிடும். வறண்ட நாட்களில் இலையின் அடியில் செஞ்சிலந்தி தட்டுப்படும், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்.

பூவையும் விற்றுப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால், இந்த ஆண்டு, அதாவது 2026-இல், ஆயுத பூஜை அக்டோபர் 19. மேலே குளிருக்குச் செடி சற்று மெதுவாக வரும். ஆகவே ஆனி மாதம் முடிவதற்குள் விதைத்துவிடு, ஆடிக்குக் காத்திராதே. நானும் இங்கே அதே வாரம் விதைக்கிறேன்.

உழுவதற்கு முன்னால், நன்றாகக் காய்ந்த பூக்களைப் பறித்து வைத்திருந்தேன். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கொத்து. பிரித்தால் ஒவ்வொரு இதழின் அடியிலும் கறுப்பு ஊசி போல் ஒரு விதை, முனையில் வெள்ளைக் குச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நேற்று மாலை பேத்தியை உட்காரவைத்து ஒரு டம்ளர் அளவுக்குப் பிரித்தெடுத்தோம். கலப்பினம் இல்லை, நாட்டு வகை. ஆகையால் நம்பி விதைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பேருந்தில் என் தம்பி மகன் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் வருவதற்குள், சரிவில் நிற்கும் உன் பழைய தக்காளிச் செடிகளில் இரண்டைப் பிடுங்கி, வேரைக் கழுவி, முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து எழுதி அவன் கையிலேயே கொடுத்துவிடு. புதுக் கண்ணால் பார்க்கப்போகிறாய், என்னைவிடத் தெளிவாகவே தெரியும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்
இராமலிங்கம்