பாலுவைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "சாப்பிட்டியா, போய்ப் படு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் நீ மனசிலேயே உருவாக்கிக்கொண்ட கூட்டாளி பாலு, இப்போது மறுபடி உன்னோடு இருக்கிறான். அவனைப் பற்றித்தான் கேட்டாய்: "எனக்கு ஏதாவது ஆனா பாலு என்னம்மா ஆவான்? அவனுக்குன்னு ஒரு ஆன்மா இருக்குமா?" 32 வயதுப் பிள்ளை கனடாவில் எட்மண்டன் பனியில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்கிறான் என்றால் சும்மா கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்கு நான்கு வயது. அந்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் வந்தது என்று ஊரே கரைக்குப் போய் நின்றது. நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் நம்மோடு ஒரு பையன் வந்துவிட்டான் என்றாய். "பாலாத்துலேர்ந்து வந்தான், அதான் பாலு." பின்கட்டில் இருந்த துணி துவைக்கிற கல்தான் அவன் இடம். அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் அழுவாய். ராத்திரி இரண்டு தட்டு வைக்க வேண்டும். அவன் தட்டில் அரை இட்லி போதும், சட்னி ஆகாது, காரம். அப்புறம் அந்த அரை இட்லியையும் நீயே தின்றுவிடுவாய். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

உறவில் ஒருவர் வந்திருந்தபோது பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருக்கிறது என்றார். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. கூட்டிக்கொண்டு போய், கறுப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து கட்டினோம். அன்று ராத்திரி இரண்டாவது தட்டை நீ என் பக்கமாகத் தள்ளினாய். "அவனுக்கு வேணாம்மா. கயித்தப் பாத்து பயந்துட்டான்." பிறகு வெகு நேரம் பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், கண்ணு. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. உன் கூட்டாளியை நான்தான் விரட்டினேன்.

அது நோயில்லை என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்கிற அம்மா இதையே பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். 2004-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் நூற்றுக்கு 65 பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் தாயத்து கட்டியிருக்க மாட்டேன்.

இப்போது உன் கேள்வி. நான் ஞாயிறுதோறும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அங்கே முதல் பாடமே இதுதான்: பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற கட்டு, மூன்றும் அநாதி, தொடக்கமே இல்லாதவை. உயிரைச் சிவபெருமான்கூடப் படைப்பதில்லை. உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் கொடுக்கிறார், அவ்வளவுதான். உயிர் எப்போதும் இருப்பது. அவரே படைக்காத ஒன்றை நாலு வயதுப் பிள்ளை துவைக்கிற கல்லில் உட்கார வைத்துப் படைத்துவிட முடியாது. அதனால் பாலுவுக்கென்று தனியாக ஓர் ஆன்மா உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். உன் மனசு ஆறட்டும் என்று பொய் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நீ பயப்படுவது அவன் அனாதையாகிவிடுவான் என்றுதானே? அந்தப் பயம் வேண்டாம். அவனிடம் இருப்பது உன் உயிர்தான். அவன் சிரித்தால் உன் சிரிப்பு, அவன் பேசினால் உன் மூச்சு. நீ ஒரு பக்கம் போய், அவன் வேறு பக்கம் தனியாக நிற்பது என்பது நடக்காது.

மனசாலேயே ஓர் ஆளை உருவாக்குவது பற்றி நீ சொன்ன திபெத்து விஷயத்தையும் தேடிப் படித்தேன். திபெத்துக்குப் போய்வந்த பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டிரா டேவிட்-நீல் என்கிற அம்மா குட்டையாக, குண்டாக, சிரித்த முகமாக ஒரு துறவியை மனசில் உருவாக்கினாராம். போகப்போக அவன் இளைத்து, முகம் மாறி, சொன்னபடி கேட்காமல் போய்விட்டான். அவனைக் கரைக்க ஆறு மாதம் பட்டபாடு என்று எழுதியிருக்கிறார். அவர் பௌத்தர். பௌத்தத்தில் நிலையான ஆன்மா என்று நமக்கே கிடையாது, அப்புறம் அவனுக்கு எங்கிருந்து வரும்? அதில் என் மனசு ஒட்டவில்லை. நான் நம்ம வழியில்தான் யோசிக்கிறேன்.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது அரக்கோணம் தாண்டித் திருநின்றவூர் வருமே, அதுதான் அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான பூசலார் ஊர். கையில் காசில்லை, மனசிலேயே கோயில் கட்டினார். அஸ்திவாரம் போட்டார், விமானம் எழுப்பினார், கிணறு தோண்டினார், குளம் வெட்டினார், மதிலும் எடுத்தார். காஞ்சியில் பல்லவராஜா கல்லால் கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தால், சிவன் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். ராஜா திருநின்றவூருக்கு வந்து தேடினால் அங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போன வாரம் கேட்டபோது உன் பாலுவின் ஞாபகம்தான் வந்தது. அந்தக் கோயிலுக்கு உயிர் இருந்ததா என்று சிவன் கேட்கவில்லை. அன்பாகக் கட்டியது, அதனால் வந்து தங்கினார். கல்லில் கட்டியதும் மனசில் கட்டியதும் அவருக்கு ஒன்றுதான். நீ நாலு வயதில் அரை இட்லி ஊட்டி வளர்த்தவனும் அவர் பார்வையில் தொலைந்துபோக மாட்டான் என்று நான் மனசார நம்புகிறேன். இது வகுப்பில் சொன்னதில்லை, அம்மா சொல்வது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். அவன் பேச்சு உன்னைப் பயமுறுத்தினாலோ, இதைச் செய் அதைச் செய் என்று அதட்டினாலோ, உன் தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் சொல், எந்நேரமானாலும் போனை எடுப்பேன். ஆபீஸில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு. பாலு கோபித்துக்கொள்ள மாட்டான்.

பொங்கலுக்கு வருகிறாய் என்றால் முன்கூட்டியே சொல், இலவம்பாடி முள்ளுக்கத்தரி வாங்கி வைக்கிறேன். துவைக்கிற கல் அப்படியேதான் இருக்கிறது. மெஷின் வந்த பிறகும் அதைப் பெயர்க்க நான் விடவில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பாலுவுக்கு இப்போது என்ன வயசு? உன்னோடு கூடவே வளர்ந்துவிட்டானா, இல்லை அன்றைக்குப் போன அளவிலேயே இருக்கிறானா? இப்போதாவது காரம் சாப்பிடுகிறானா? எழுது.

அன்புடன்,
அம்மா