டென்வர் பந்தும் ஈரப்பெட்டியும்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஓய்வூதிய நிலுவை இன்னும் கைக்கு வரவில்லை என்று படித்ததும் எரிச்சலாக வந்தது. காலமெல்லாம் பாடம் நடத்தியவளை ஒரு கையெழுத்துக்காக இப்படியா அலைய விடுவார்கள்? கொடுத்த மனுக்களின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். பேத்தி பிறந்த செய்தி ரொம்ப சந்தோஷம். பெயர் என்ன என்றுதான் எழுதவே இல்லை.

இங்கே எல்லோரும் நலம். பேரன் பேஸ்பால் பைத்தியமாகிவிட்டான், மாப்பிள்ளை அவனுக்கும் மேல். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சே அதுதான். அதனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு விஷயம் நிறைய இருக்கிறது. "டென்வரில் பந்தை ஈரமான அறைக்குள் பூட்டிவைத்து எடுத்து விளையாடுகிறார்களாமே, இது என்ன கூத்து?" என்று கேட்டிருந்தாய். கூத்து இல்லை வசந்தா, சுத்தமான இயற்பியல். நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் நடத்தியதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், 5,280 அடி. ஏற்காட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள். காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். கொலராடோ ராக்கீஸ் அணியின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில், மேல் தளத்தில் ஒரே ஒரு வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள். அதுதான் மைல் உயரக் கோடு. இந்த மெல்லிய காற்றில் பந்துக்குத் தடை குறைவு, அதனால் கூடுதல் தூரம் போகும். கட்டும்போதே இது தெரிந்து வேலியைத் தள்ளித்தான் வைத்தார்கள். நடுப்பகுதியில் 415 அடி. ஆனால் வேலி தள்ளிப் போனால் பந்து விழக் காலி இடமும் பெருகுகிறது அல்லவா? வேலியைத் தாண்டினால்தான் ஹோம் ரன்; அப்படி ஆகாத அடிக்கும் அடித்தவர் இரண்டு பேஸ், மூன்று பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனைகள்) என்று ஓடிவிடுகிறார். 1995இல் அங்கே நடந்த முதல் ஆட்டமே வழக்கமான ஒன்பதைத் தாண்டி 14 இன்னிங்ஸ் இழுத்து 11-9 என்று முடிந்தது. 1999இல் அந்த ஒரு மைதானத்தில் மட்டும் ஒரே சீசனில் 303 ஹோம் ரன்கள். வேறெந்த மைதானமும் அதைத் தொட்டதில்லை.

பந்தை எறிகிற பிட்சர்கள் பாடு திண்டாட்டம். பந்தைச் சுழற்றி வளைக்கக் காற்று வேண்டும். சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும் மேக்னஸ் விளைவு உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று மெலிந்தால் கர்வ் பால் வளைய மறுக்கிறது, நேராக வந்து பேட்டில் உட்காருகிறது. மைக் ஹாம்ப்டன் என்ற நல்ல பிட்சரை 2000 டிசம்பரில் எட்டு வருஷத்துக்கு 12.1 கோடி டாலர் பேசி அழைத்துவந்தார்கள். இரண்டே சீசனில் அவர் பெயரே கெட்டுப்போய், வேறு அணிக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் உயரத்தின் வேலை. உயரத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டென்வரில் இன்னொரு தொல்லையும் உண்டு, வறட்சி. வெளியே ஈரப்பதம் முப்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். என் உதட்டைக் கேட்டால் சொல்லும். மைதானத்தில் வேலை பார்த்த ஒரு எலக்ட்ரீஷியன், தன் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகிப்போனதைப் பார்த்து, பந்துக்கும் இதே கதிதானே என்று யோசித்திருக்கிறார். பேஸ்பால் பந்தின் நடுவில் கார்க்கும் ரப்பரும், அதைச் சுற்றிக் கம்பளி நூல், மேலே பசுத்தோல், கையால் போட்ட 108 இரட்டைத் தையல். கம்பளியும் தோலும் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் விட்டுவிடும். 2002இல் ஹியூமிடார் என்ற அறையை வைத்தார்கள். சுருட்டு காயாமல் இருக்க வைக்கிறார்களே, அதன் பெரிய அண்ணன். உள்ளே 50 சதவீத ஈரப்பதம், 21 டிகிரி வெப்பம்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஈரம் ஏறிய பந்து கொஞ்சம் கனக்கிறது. கனமான பந்து அதே வேகத்தில் கிளம்பினால் காற்றில் வேகத்தை இழப்பது குறைவு, ஆகவே தூரம் போக வேண்டும். ஆனால் அதே வேகத்தில் கிளம்புவதில்லை. ஈரமான கம்பளி மொத்தென்று அமுங்கி, பேட் கொடுத்த ஆற்றலைத் தனக்குள்ளேயே தின்றுவிடுகிறது. மீள்தன்மை குறைவதுதான் கடைசியில் ஜெயிக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆலன் நேதன் என்ற இயற்பியல் பேராசிரியரும் சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். ஈரப்பதம் 30இலிருந்து 50 சதவீதமானால், 380 அடி போக வேண்டிய பந்து சுமார் 14 அடி முன்னாலேயே விழுகிறது. பதினாலு அடி என்ன பெரிய விஷயம் என்பாய். வேலியை உரசிக்கொண்டு தாண்டுகிற பந்துகள் எத்தனை என்று யோசி. ஹியூமிடார் வந்தபின் அங்கே ஹோம் ரன்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. காய்ந்த தோல் வழுக்கும் என்பதால் பிட்சருக்குப் பிடிமானமும் கிடைத்தது.

ஒன்று கவனித்தாயா? எல்லாம் பந்துக்குள் இருக்கும் ஈரம். காற்றில் இருக்கும் ஈரம் வேறு கணக்கு. மாப்பிள்ளை "இன்று புழுக்கம், காற்று கனமாக இருக்கிறது, பந்து போகாது" என்றார். நான் விடுவேனா? நீராவியின் மூலக்கூறு எடை 18, காற்றுக்குச் சராசரி 29. ஈரக்காற்றுதான் லேசு. அவர் போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார்.

ஏமாற்று வேலையா என்றும் கேட்டிருந்தாய். அந்தச் சந்தேகம் இங்கே பழசு. 1960களில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி பந்துகளை ஈரமான அறையில் ஊறவைத்துக் கொடுக்கிறது என்று டெட்ராய்ட் அணி கத்தியது. 2010இல், ராக்கீஸ் தாங்கள் அடிக்கும் முறை வரும்போது மட்டும் காய்ந்த பந்துகளை நுழைக்கிறார்கள் என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் சந்தேகப்பட்டது. அதன் பிறகு ஹியூமிடாரிலிருந்து பந்து எடுப்பதை நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. 2018இல் பாலைவன ஊரான ஃபீனிக்ஸும் இந்த அறையை வைத்தது. 2022 முதல் மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியின் 30 மைதானங்களிலும் கட்டாயம், பெரும்பாலானவற்றில் ஈரப்பதம் 57 சதவீதம்.

எனக்கு இது சரியென்றே படுகிறது. பந்து மனிதன் செய்கிற பொருள், அது ஊருக்கு ஊர் மாறக்கூடாது. காற்றை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே பெட்டி ஒரே பலனைத் தரும் என்று நினைக்காதே. ஃபீனிக்ஸில் அது பந்தை மந்தமாக்குகிறது. கடலோரப் புழுக்கத்தில், ஏசி இல்லாத கிடங்கில் கிடந்த பந்தை அதே பெட்டியில் வைத்தால் அது காய்ந்து துள்ளல் ஏறும். டென்வரிலும் உயரம் அப்படியே இருப்பதால் ரன்கள் இன்னும் கொட்டத்தான் செய்கின்றன.

இந்த மலைக்காற்றுப் பேச்சால் பாதிக்கப்பட்டவர், ராக்கீஸுக்காக அடித்து ஆடிய லாரி வாக்கர். "மலைக்காற்றில் அடித்தவன்தானே" என்று அவர் அடித்ததையெல்லாம் தள்ளுபடி செய்தார்கள். 1997இல் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூர் மைதானங்களில் வந்தவை. அப்படியும் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் பெயர் தேர்வாக 2020 வரை, ஓட்டெடுப்பின் கடைசி வாய்ப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பூமி சூடாவதும் இதில் சேர்கிறது. டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் 500க்கும் மேற்பட்ட ஹோம் ரன்கள் வெப்பமாதலால் கூடியவை. சூடான காற்று விரிந்து மெலிகிறது, அவ்வளவுதான். மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. கூரை மூடிய மைதானங்களுக்குப் பாதிப்பில்லை, பகல் ஆட்டம் அதிகம் நடக்கும் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கு அதிகம். இன்றைக்கு அடிப்பவர்கள் பேட்டைக் கீழிருந்து மேலே வீசுகிற பாணிக்கு முன்னால் இது சின்ன விஷயம் என்பது என் எண்ணம். பேரனோ, பனிக்கரடிக்கு அடுத்தபடி பிட்சர்தான் பாவம் என்கிறான்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை ஊதா நாற்காலியில் டிக்கெட் எடுத்திருக்கிறார். போட்டோ அனுப்புகிறேன். முட்டி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் உடனே எழுது. அது முடிந்தபின் பிசியோதெரபியில் மட்டும் சோம்பல் வேண்டாம். பாப்பாவின் பெயரையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜி